பதினொரு பேர், ஒரு மீட்டர்: வீட்டுச் செலவு கேள்வி பதில்

கேள்வி (தக்கலை): அண்ணே, எங்கள் வீட்டில் பதினொரு பேர், ஒரே கரண்ட் மீட்டர். போன தடவை 490 யூனிட், இந்தத் தடவை 510. இருபது யூனிட்டுக்கா பில் இவ்வளவு ஏறும்?

ஏறும் தம்பி. 500-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுக்கும் விலை மாறும். 2022 செப்டம்பர் கட்டணத்தில் போட்டுப் பாருங்கள். அப்புறம் விலை கூடியது, கணக்கு முறை அப்படியேதான். 500 வரை என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, அதற்கு மேல் 6. உங்கள் 490-க்கு 1,665 ரூபாய். 510 ஆனதும் அந்த 2.25 போய்விடும், 101 முதல் 400 வரை முழுக்க 4.50, 401 முதல் 500 வரை அதே 6, 501 முதல் 600 வரை 8. மொத்தம் 2,030. இருபது யூனிட்டுக்கு 365 ரூபாய்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் 200 யூனிட் ஓடினால் 225 ரூபாய். ஆளுக்கு 100 யூனிட், 112 ரூபாய். உங்கள் வீட்டில் ஆளுக்கு 46 யூனிட்தான், ஆனால் 184 ரூபாய். பாதிகூடச் செலவழிக்காதவர் அதிகம் கட்டுகிறார். இலவச 100 யூனிட்டும் மீட்டருக்குத்தான், ஆளுக்கு இல்லை. கூட்டுக் குடும்பத்துக்கு இது அநியாயம்.

நீங்கள் செய்யக்கூடியது: ஃபேனை மாற்றுங்கள். 75 வாட் ஃபேன் ஐந்து, தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 225 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேனில் அது 90.

கேள்வி (திருவட்டார்): தம்பி குடும்பம் மாடியில் இருக்கிறது. தனி மீட்டர் வாங்கலாமா?

தனி வாசல், தனி அடுக்களை, தனி வயரிங் இருந்தால் கேளுங்கள். ஒரே அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டு பேரளவில் இரண்டு மீட்டர் வேண்டாம்.

கேள்வி (கருங்கல்): அண்ணே, "அந்தக் காலத்தில் அடுப்புக்கு ஒரு பைசா செலவில்லை" என்கிறார் மாமியார். உண்மையா?

பைசா செலவில்லை, உண்மைதான். ஓலை, மட்டை, கொதும்பு, சிரட்டை எல்லாம் தோப்பில் கிடைத்தது, தண்ணீர் கிணற்றில். ஆனால் பொறுக்கியதும் கோரியதும் புகையில் நின்றதும் வீட்டுப் பெண்கள். அவர்கள் உழைப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை. அதனால் கேஸுக்குப் போகும் பணத்தை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் மீட்டரில் சொன்ன அதே கோளாறு கேஸிலும் வந்தது. 2012-இல் மானிய சிலிண்டரை வருடத்துக்கு ஆறாகக் குறைத்தார்கள். 2013-இல் ஒன்பது, 2014-இல் பன்னிரண்டு. எல்லாம் இணைப்புக்குத்தான். ஆறு சிலிண்டர் சிறு குடும்பத்துக்குத் தாங்கும், பத்துப் பேருக்கு எப்படித் தாங்கும்? விலையும் சும்மா இருக்கவில்லை: சென்னையில் 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாய், 2025 ஏப்ரலில் 868.50.

ஆனால் சமையலில் பெரிய குடும்பத்துக்குத்தான் லாபம். பத்துப் பேர் சோற்றுக்கு இரண்டு பேர் சோற்றைப்போல ஐந்து மடங்கு கேஸ் ஆகாது. நம்ம ஊர்ச் சம்பா அரிசி வேக நேரமெடுக்கும், ஊறவைத்துப் போடுங்கள். குளிக்கச் சுடுதண்ணீர் மட்டும் வெளியே விறகடுப்பில் வைக்கலாம்.

கேள்வி (குளச்சல்): கிணறு உப்பாகிவிட்டது. கேன் தண்ணீர் கட்டுப்படியாகவில்லை.

மழைத் தண்ணீரைப் பிடியுங்கள். நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வடிகட்டித் தொட்டியில் சேருங்கள். குடிக்க என்றால் கொதிக்க வையுங்கள்.

கேள்வி (தோவாளை): சோலார் போடலாமா, அண்ணே?

500 யூனிட்டைத் தாண்டுகிற பெரிய வீட்டுக்குத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் விலை கூடின யூனிட்கள்தான் முதலில் குறையும். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல வெயிலில் தினம் 12 யூனிட் வரை கிடைக்கும். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் குறையும். தென்னை நிழல் மாடியில் விழுகிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.