பேடு மாற்றியபின் பார்க்கிங் பிரேக் நழுவுகிறது: இடைவெளியைப் பாருங்கள்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கின் டிராவொர்க்ஸில் (பளுவைத் தூக்கி இறக்கும் வின்ச்) பிரேக் பேடு மாற்றியபின் சர்வீஸ் பிரேக் பிடிக்கிறது, பார்க்கிங் பிரேக்கில் மட்டும் டிராவலிங் பிளாக் (கொக்கியைத் தாங்கி மேலும் கீழும் நகரும் கப்பித் தொகுதி) மெல்ல இறங்குகிறது என்றால், பழுது புதிய பேடுகளில் இல்லை; பார்க்கிங் பிரேக்காக வேலை செய்யும் பாதுகாப்புக் காலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பிடி) பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளி அதிகமாக இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

டிராவொர்க்ஸ் டிஸ்க் பிரேக்கில் சர்வீஸ் காலிப்பரை எண்ணெய் அழுத்தம் இறுக்குகிறது. பாதுகாப்புக் காலிப்பரையோ ஸ்பிரிங் இறுக்குகிறது, எண்ணெய் அழுத்தம் விடுவிக்கிறது. பேடைச் செலுத்துவதற்காகத் தளர்த்திய நட்டைப் பழையபடி திருகாவிட்டால், ஸ்பிரிங் கூடுதல் தூரம் விரிந்த பிறகே பேடு டிஸ்க்கைத் தொடும்; விரிய விரிய அதன் விசை குறையும்.

1. பிளாக்கைப் பளுவின்றித் தளத்தில் இறக்கி வைத்த பிறகே கை வையுங்கள்.

2. அழுத்தம் கொடுத்துக் காலிப்பரை விடுவித்து, இரு பக்க இடைவெளியையும் ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, தயாரிப்பாளர் கையேட்டின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். சில முறை இயக்கிவிட்டு மறுபடியும் அளப்பது அவசியம். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

3. இடைவெளி சரியாக இருந்தும் நழுவினால், பிரேக் போட்ட நிலையில் காலிப்பர் குழாயின் அழுத்தமானியைப் பாருங்கள். முள் பூச்சியத்துக்கு வராவிட்டால், திரும்பும் வழியில் அடைப்போ வால்வுக் கோளாறோ இருக்கலாம்.

எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம், அது கழிவுதான். ஸ்பிரிங்குகள் சோர்ந்திருந்தால் நட்டைத் திருகுவது தற்காலிகமாகவே உதவும். அவற்றை முழுத் தொகுதியாக மாற்றி, கையேடு சொல்லும் பிடிப்புச் சோதனையில் தேறும்வரை கொக்கியில் பளு ஏற்றாதீர்கள்.