மாடிக்குப் போன லேன் வயர் ஏன் 94லயே நிக்குது?

கேள்வி: அண்ணே வணக்கம். எங்க வீடு மதுரைல, கீழ ஒரு போர்ஷன் மேல ஒரு போர்ஷன். ரூட்டர் கீழ ஹால்ல இருக்கு, மாடிக்கு வைஃபை எட்டலன்னு எலக்ட்ரீசியனை வச்சு லேன் வயர் இழுத்தோம். 200 எம்பிபிஎஸ் பிளான். கீழ போன்ல பார்த்தா 190 காட்டுது, மாடில வயர் சொருகுன கம்ப்யூட்டர்ல எத்தனை தடவை பார்த்தாலும் 94 தான். கஸ்டமர் கேர்ல கேட்டா "எங்க சைடுல எல்லாம் ஓகே சார்"னு வச்சிடுறாங்க. ஏமாத்துறாங்களா?

பதில்: அபூர்வமா இந்த தடவை அவங்க சொல்றது நெசம் தம்பி. கீழ 190 வருதுல்ல, அப்போ கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான். ஒரு நேரம் 60, ஒரு நேரம் 130னு ஆடுனா வேற கதை, அசையாம 94ல நின்னா லைன் 100லதான் பேசுதுன்னு அர்த்தம். மீதி 6 எங்கன்னா அது டேட்டாவைப் பொட்டலம் கட்டி அனுப்புற கவர் செலவு, ஒரு பொட்டலம் வயர்ல 1538 பைட் இடம் பிடிச்சா அதுல நம்ம சரக்கு 1460 தான்.

லேன் வயருக்குள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 ஸ்பீடுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 ஸ்பீடுக்கு, நாலு ஜோடியும் வேணும். நீலத்துலயோ பிரவுன்லயோ ஒரு கம்பி விட்டுப்போனா பெரும்பாலும் நெட் நிக்காது, சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். எலக்ட்ரீசியனும் லைட் எரியுது, நெட் வருதுன்னு காசை வாங்கிட்டு கிளம்பிடுவார்.

அவரைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. சில ஃபைபர் ரூட்டர்ல ஒரே ஒரு போர்ட்தான் (வயர் சொருகுற ஓட்டை) ஜிகாபிட், மத்ததெல்லாம் 100. அதே கம்ப்யூட்டரை கீழ கொண்டுவந்து சின்ன வயர்ல, அதே போர்ட்ல போட்டுப் பாருங்க, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு. விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஈதர்நெட் பக்கத்துல லிங்க் ஸ்பீடு 1000னு வந்தா மாடி வயர்தான் திருடன். அங்கயும் 100னா போர்ட்டை மாத்துங்க, அப்பவும் 100னா கம்ப்யூட்டரோட லேன் கார்டே பழசா இருக்கலாம்.

வயர்தான்னா முதல்ல ரெண்டு முனை கிளிப்பையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. எட்டு கம்பியும் நுனில இருக்க பிளாஸ்டிக்கை முட்டி நிக்கணும், ஒண்ணு மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கி நின்னா மேல இருக்க தங்க கலர் பல்லு அதைக் கடிக்காது. வெளித்தோலும் கிளிப்புக்குள்ள கொஞ்சம் போயிருக்கணும், இல்லன்னா இழுக்குற இழுப்பெல்லாம் மெல்லிசு கம்பி மேலதான் விழும்.

கலர் வரிசை வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நம்மாளுங்க பச்சை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அழகா அடுக்கிடுவாங்க, அது தப்பு, நடுவுல நீல ஜோடி வரணும். இதுல கொடுமை என்னன்னா சாதா லேன் வயர் டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியும், ஆனா லைன் அடிக்கடி கட்டாகும்.

கிளிப்பை வெட்டிட்டு புது கிளிப் வச்சு கிரிம்ப் பண்ணுங்க, அதாவது அதுக்குன்னு இருக்க கட்டிங் பிளேயர் மாதிரி டூல்ல அழுத்திப் பிடிங்க, பாதி கேஸ் அதுலயே முடிஞ்சிடும். எங்க வீட்ல ரெண்டு முனையும் புதுசா போட்டும் சரியாகல, கடைசில பார்த்தா மொட்டை மாடில அணில் கடிச்சு வச்சிருக்கு! புது வயர் வாங்குனா கம்பியை பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசுன அலுமினியம், வேணாம். முக்கியமா கரண்ட் வயர் போற பைப்புலயே இதையும் விட்டிருந்தா ஸ்பீடு கிடக்கட்டும், மொதல்ல தனி பைப்புக்கு மாத்துங்க, ஆபத்து.

கேள்வி: வயர் சொருகியும் நெட் வரல. ஐபி அட்ரஸ் 169.254னு ஆரம்பிக்குது. வைரஸா சார்?

பதில்: வைரஸ் எல்லாம் இல்லம்மா. ரூட்டர்கிட்ட அட்ரஸ் கேட்டு பதில் வரலன்னா கம்ப்யூட்டர் தானா ஒண்ணு வச்சுக்கும், அதுதான் இது. ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, வேற போர்ட்ல வேற வயர் போட்டுப் பாருங்க. வீட்ல எல்லாருக்குமே இப்படின்னா ரூட்டர் செட்டிங்ல டிஹெச்சிபி (அட்ரஸ் கொடுக்குற வேலை) ஆஃப்ல இருக்கலாம், பசங்க யாராவது நோண்டுனாங்களான்னு கேளுங்க.