இத்தாலியக் குடும்பங்கள் ஆகஸ்டில் கூடிச் செய்யும் பஸ்ஸாத்தா என்பது என்ன?

பழுத்த தக்காளியை லேசாக வேகவைத்து, தோலும் விதையும் நீக்கிப் பிழிந்த சாறுதான் பஸ்ஸாத்தா. தென் இத்தாலியில் கோடை முடிவில் தக்காளி மொத்தமாகப் பழுத்துவிடும். ஆண்டு முழுமைக்குமானதை ஓரிரு நாளில் பாட்டிலில் அடைத்தாக வேண்டும். தனியாளால் ஆகாது. நம் வீடுகளில் வடகம் பிழிவதைப் போல, பாட்டி முதல் பேரன்வரை ஆளுக்கொரு வேலை. சின்னவர்களுக்குப் பாட்டிலுக்கு ஒரு பேசில் (துளசி வகை மூலிகை) இலை போடும் வேலை. பதத்தைப் பார்த்தே பழகிவிடுவார்கள்.

கோட்டைவிடுவது, அடைத்து மூடிய பாட்டில்களை அண்டாத் தண்ணீரில் வைத்துக் கொதிக்கவிடும் கடைசிக் கட்டத்தில்தான். அண்டாவில் பாட்டில்களுக்கு இடையே பழந்துணி செருகாவிட்டால் கொதியில் மோதி உடையும். தண்ணீர் ஆறுமுன் வெளியே எடுத்தாலும் கண்ணாடி விரிசல் விடும்.

இதையே பாஸ்தா சாஸ் என்று பலர் நினைக்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டோ வெங்காயமோ வதக்கி, இதை ஊற்றிக் கொதிக்கவிட்ட பிறகுதான் அது சாஸ்.