ஸ்கிளீரோடெர்மா, லூபஸ் உள்ளவர்களின் நுரையீரல் பி.பி.: மாத்திரைகள் பற்றிக் கேள்வி பதில்

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஸ்கிளீரோடெர்மா தோலும் உள்ளுறுப்புகளும் தடித்து இறுகும் நோய், லூபஸ் நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய். இரண்டிலும் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறலாம், அதைத்தான் நுரையீரல் பி.பி. என்கிறோம். சரி, ஊர்ப்பெயரோடு வந்த உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.

மேலூர், ஸ்கிளீரோடெர்மா: வீட்டுக்காரர் சில்டெனாஃபில் வாங்கப் போனபோது மெடிக்கல் கடைப் பையன் சிரித்தானாம். ஆண்கள் மாத்திரையாமே, எனக்கு எதற்கு டாக்டர்?

சிரித்தவனுக்குத் தெரியவில்லை, நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை அம்மா. சொட்டுநீர்க் குழாயில் உவர் படிந்தால் மோட்டார் முக்கித்தானே தண்ணீர் தள்ளும்? ஸ்கிளீரோடெர்மாவில் நுரையீரலின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களின் உள்சுவர் தடித்துத் துவாரம் குறுகிவிடுகிறது, அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் களைத்துப்போகிறது. அந்தக் குழாய்களைத் தளர்த்துவதுதான் சில்டெனாஃபிலின் வேலை. 2005லேயே அமெரிக்காவில் நுரையீரல் பி.பி.க்கு அனுமதி கிடைத்த மருந்து இது, வழக்கமான அளவு 20 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. கடையில் 50தான் இருக்கிறது, உடைத்துப் போடுங்கள் என்றால் வாங்காதீர்கள். இன்னொன்று, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இது சேரவே கூடாது. சேர்ந்தால் பி.பி. அதலபாதாளத்துக்குப் போய் ஆள் சுருண்டு விழலாம்.

திருமங்கலம்: கையில் பார்த்தால் 110/70. நுரையீரலில் மட்டும் எப்படி பி.பி.?

கைப்பட்டை அளப்பது இதயத்தின் இடது பக்கம் தள்ளும் அழுத்தம். இது வலது பக்கத்துச் சமாசாரம்.

தேனி: எக்கோவில் 48 என்று வந்தது. மாத்திரையை ஆரம்பித்துவிடலாமே, கேத் டெஸ்ட் எதற்கு?

எக்கோ என்ற இதய ஸ்கேன் சொல்வது ஒரு மதிப்பீடு. ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை உள்ளே செலுத்தும் வலது இதய கேத் டெஸ்டில் நுரையீரல் குழாயின் சராசரி அழுத்தம் 20க்கு மேல் இருக்கிறதா என்று நேரடியாக அளந்து பார்ப்பதோடு, அது ஏன் ஏறியது என்றும் தெரிந்துகொள்கிறோம். இடது இதயக் கோளாறால் ஏறியிருந்தால் இதே மாத்திரைகளால் நுரையீரலில் நீர் கோக்கலாம். நுரையீரல் தழும்பால் ஏறியிருந்தால் வேறு கணக்கு, காரணம் தெரியாத தழும்பு நோயில் ஆம்பிரிசென்டான் என்ற குழாய் தளர்த்தும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பழைய ரத்தக்கட்டிகள் அடைத்திருந்தால் அறுவை சிகிச்சைகூட இருக்கிறது, அதற்குத் தனி ஸ்கேன் உண்டு. பயந்து தள்ளிப்போடாதீர்கள் தம்பி.

உசிலம்பட்டி: அம்மாவுக்கு வயாகரா எழுதியிருக்கிறார்களே, சரியா?

வயாகராவும் சில்டெனாஃபில்தான், மேலூர் அம்மாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். நைட்ரேட் பற்றிய வரியை இரண்டு தடவை படியுங்கள்.

திண்டுக்கல், வயது 29: ஆம்பிரிசென்டான், டடலாஃபில் இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியிருக்கிறார்கள். அவ்வளவு தேவையா? குழந்தைக்குத் திட்டமிடலாமா?

தேவைதான். டடலாஃபில் சில்டெனாஃபில் வகை மாத்திரை, ஆம்பிரிசென்டான் வேறு வழியில் குழாயைத் தளர்த்துவது. 2015இல் வெளிவந்த ஆம்பிஷன் ஆய்வில் 500 பேரைப் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துத் தொடங்கியவர்களுக்கு, ஒன்றை மட்டும் எடுத்தவர்களைவிட நோய் முற்றுவது, ஆஸ்பத்திரியில் சேர்வது போன்ற பாதிப்புகளின் வாய்ப்பு பாதியானது. சாயங்காலம் கணுக்காலில் விரலை அழுத்திப் பாருங்கள், குழி விழுந்து அப்படியே நின்றால் ஆம்பிரிசென்டானால் வரும் வீக்கமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை விஷயத்தில் மனசு கஷ்டப்படும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்: ஆம்பிரிசென்டான் கருவில் இருக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கலாம், மருந்தே இல்லாவிட்டாலும் இந்த நோயில் கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து. நம்பகமான கருத்தடை கட்டாயம். ஆம்பிரிசென்டான் வகையிலேயே உள்ள போசென்டானுக்கு மாற்றினால் கருத்தடை மாத்திரையின் பலம் குறையும், மாதாமாதம் கல்லீரல் டெஸ்டும் பார்க்க வேண்டும்.

பெரியகுளம்: அக்காவுக்கு லூபஸ். ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்து மூச்சுத்திணறல் போயே போச்சு. எனக்கு ஸ்கிளீரோடெர்மா, என் டாக்டர் மட்டும் தர மாட்டேன் என்கிறார்.

அவர் செய்வது சரி. லூபஸிலும் கலப்பு இணைப்புத் திசு நோயிலும் குழாய்ச் சுவரில் நோயெதிர்ப்பு அழற்சிக்குப் பங்கு உண்டு, இந்த மருந்துகளால் அதை அடக்கினால் சிலருக்கு அழுத்தமே இறங்கும். ஸ்கிளீரோடெர்மாவின் நுரையீரல் பி.பி.க்கு அந்த வழி பலன் தருவதில்லை.

மதுரை, லூபஸ்: சிலருக்கு என்று அழுத்திச் சொல்லுங்கள் டாக்டர். ஆறு மாதம் ஸ்டீராய்டு எடுத்து முகம் வீங்கியதுதான் மிச்சம், எனக்குக் கேட்கவில்லை.

பெரியகுளம்: அக்காவுக்குக் கேட்டதே! ஒரு மாதம் முயற்சி செய்தால் என்ன நஷ்டம்?

இருவரும் உங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறீர்கள். மதுரைக்காரர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், நோய் முற்றிய பிறகு லூபஸிலும் ஸ்டீராய்டை மட்டும் நம்ப முடியாது, குழாயைத் தளர்த்தும் மாத்திரைகளும் வேண்டும். பெரியகுளம் அம்மா, உங்களுக்கு நஷ்டம் இருக்கிறது. ஸ்கிளீரோடெர்மாவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 15 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் அபாயம் கூடுகிறது. அக்காவின் சீட்டைக் காட்டி மருந்து வாங்கிவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சோழவந்தான்: முழங்கால் வலிக்கு என்ன தைலம்?

எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

வாடிப்பட்டி: மே மாதம் கொடைக்கானல் போகலாமா?

இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். அங்கே ஆக்சிஜன் குறைவதால் நுரையீரல் குழாய்கள் இன்னும் சுருங்கும், குளிரில் விரல் நீலம்பாய்வதும் சேர்ந்துகொள்ளும். டாக்டரைக் கேட்காமல் மலை ஏறாதீர்கள்.

மேலூர், மறுபடியும்: மாமனாருக்கு நெஞ்சுவலி மாத்திரை உண்டு. அதுவும் என் சில்டெனாஃபிலும் ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கின்றன.

இப்போதே எழுந்துபோய் வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள் அம்மா, மேலே பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் உங்களுக்கே நெஞ்சு வலித்தால் வீட்டார் எடுத்து வாயில் வைக்கப்போவது அதைத்தான்.