கொம்பில்லாத கிடாவும் சினை நிற்காத பெட்டைகளும்

செங்குன்றம் பக்கம் பரண் அமைத்து வெள்ளாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மூன்றரை ஆண்டுகளுக்கு முன் 14 தலைச்சேரிப் பெட்டைகளையும், சானென் கலப்புள்ள கொம்பில்லாத பொலிகிடா ஒன்றையும் வாங்கினேன். கொம்பில்லாத ஆடு தீவனத் தொட்டிக் கம்பியில் தலையை மாட்டிக்கொள்ளாது, மற்ற ஆட்டை முட்டிக் காயப்படுத்தாது. அதனால் கொம்பில்லாத பெண் குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு, கொம்புள்ளவற்றை விற்றுவந்தேன். இப்போது 26 பெட்டைகள் இருக்கின்றன. ஏழு சினை நிற்கவில்லை. அந்த ஏழில் இரண்டு, கிடாவைப் போல நாற்றம் அடிக்கின்றன, மற்ற பெட்டைகள் மேல் ஏறுகின்றன. குட்டிகளும் முன்போல் தேறவில்லை. இது பரம்பரைக் கோளாறா? ஏழையும் கழித்துவிடலாமா?"

ஐயா, ஏழையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். உங்கள் பட்டியில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் சேர்ந்து ஓடுகின்றன. இரண்டுக்கும் வழி அந்த ஒரே கிடாவிடம்தான் போய் முடிகிறது.

முதலில் நாற்றம் அடிக்கும் இரண்டையும் பாருங்கள். காலை வெளிச்சத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பெண்குறியின் கீழ் முனையில் பட்டாணி அளவில் ஒரு சதை முடிச்சு துருத்திக்கொண்டிருக்கிறதா? சிறுநீர் வழக்கம்போல் கீழே விழாமல் பின்பக்கமாகப் பீய்ச்சுகிறதா? வயது வந்தும் மடி இறங்காமல் இருக்கிறதா? ஆம் என்றால் அவை பெட்டைகளும் அல்ல, கிடாக்களும் அல்ல. குரோமோசோம்படி பெண், ஆனால் சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் விரை வளர்ந்திருக்கிறது. கிடா நாற்றமும் மேலே ஏறும் குணமும் அதனால் வருபவை. மருந்தாலோ ஊசியாலோ இதை மாற்ற முடியாது.

காரணம், நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த அந்தக் கொம்பில்லாத தலைதான். ஆட்டின் ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாக வருகிறது. சானென் போன்ற ஐரோப்பியப் பால் இனங்களில், கொம்பைத் தடுக்கும் மாற்றம் ஒரு படியில் இருந்தாலே தலை மொட்டையாகிவிடும். ஆட்டுக்கு வேறு குறை வராது. பெண் குட்டிக்கு இரண்டு படியிலும் அதே மாற்றம் வந்து சேர்ந்தால் அது மலடு. 2001-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதன் அடி மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆட்டின் முதலாம் குரோமோசோமில் 10,000-க்கும் மேற்பட்ட டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. சினைப்பையைச் சினைப்பையாக வளர்க்கும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணு, அந்தத் துண்டு இல்லாவிட்டால் கருவின் சினைப்பையில் வேலை செய்யாது. கொம்பும் கருவளமும் ஒரே இடத்தில் பிணைந்து கிடப்பதால், ஒன்றை மட்டும் விலக்க உங்களால் முடியாது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. கொம்புள்ள குட்டிகளும் பிறந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கிடாவிடம் இந்த மாற்றம் ஒரு படியில்தான் இருக்கிறது. இரண்டிலும் இருந்திருந்தால் அதன் குட்டி ஒன்றுக்குக்கூட கொம்பு முளைத்திருக்காது. சினை பிடிக்கும் மொட்டைப் பெட்டைகளிடமும் எப்போதும் ஒரு படியில்தான் இருக்கும். இந்த இருவரும் சேர்ந்தால், பிறக்கும் பெண் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று மலடு. கிடாவிடம் இரு படியிலும் இருந்தால் அது இரண்டில் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்ட கிடாக்கள் சிலவற்றுக்கு விந்து வரும் குழாய் அடைத்துக்கொண்டு அவையும் பயனற்றுப் போகும். பழைய நோட்டை எடுத்துப் பாருங்கள்: ஆண் குட்டிகள் வழக்கத்துக்கு மேல் பிறந்ததாகப் பதிவாகியிருந்தால், அவற்றில் சில ஆணாகத் தோன்றிய பெண்களாக இருந்திருக்கும்.

நீங்கள் விற்றுவிட்ட கொம்புள்ள பெண் குட்டிகளிடம் இந்த மாற்றம் துளியும் கிடையாது. அதை எழுதும்போது எனக்கே மனம் வலிக்கிறது. நல்ல விதையை விற்றுவிட்டு, சந்தேகத்துக்குரியதைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். எச்சரிக்க ஆள் இல்லாமல் பலரும் செய்வது இது.

இனிப் பிறக்கும் குட்டிகளை முதல் நாளே அடையாளம் காணலாம். ஈரம் காய்ந்ததும் நெற்றிக்கு மேலே விரலை வைத்துத் தடவுங்கள். கொம்பு வரப்போகும் குட்டிக்கு இரண்டு பக்கமும் மயிர் தனித்தனிச் சுழியாக இருக்கும், அந்த இடத்தில் தோல் எலும்போடு ஒட்டி நகராது. மொட்டைக் குட்டிக்கு மயிர் வழுவழுப்பாகப் படிந்திருக்கும், தோல் விரலோடு சேர்ந்து நகரும். பார்த்த உடனே காதுத் தோட்டின் எண்ணோடு நோட்டில் குறித்துவிடுங்கள்.

மீதி ஐந்துக்கு வருவோம். இவற்றைத்தான் அவசரப்பட்டு விற்கக் கூடாது. கிடா பட்டிக்கு வந்த ஐந்தாம் மாதம் முதல் குட்டிகள். அவை எட்டுப் பத்து மாதத்தில் பருவத்துக்கு வரும். அதாவது 15 மாதத்துக்குள் கிடா தன் மகள்களோடு சேரத் தொடங்கிவிடுகிறது. தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியின் உறவுநெருக்கக் கெழு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு படியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 25 விழுக்காடு. அந்தக் குட்டியும் பெண்ணாகி அதே கிடாவிடம் போனால் 37.5. ஒளிந்து கிடந்த குறைகள் இப்படித்தான் இரட்டைப் படியாகி வெளியே வருகின்றன: கரு தொடக்கத்திலேயே கரைந்துபோகிறது, குட்டி எடை குறைந்து பிறக்கிறது, தாயின் மடியைத் தேடி எழுந்து நிற்கவே திணறுகிறது. சேர்த்த 21-ஆம் நாள் வாக்கில் மீண்டும் பருவத்துக்கு வரும் பெட்டைக்குப் பெரும்பாலும் சினையே பிடிக்கவில்லை. முப்பது, நாற்பது நாள் கழித்து வந்தால், பிடித்த கரு கரைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஐந்து பெட்டைகளின் தேதிகளையும் எழுதி வைத்தால் உங்கள் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

உறவுநெருக்கம் தாயிடமிருந்து குட்டிக்கு இறங்குவதில்லை என்பது உங்களுக்கு ஆறுதல். உறவில்லாத கிடாவைச் சேர்த்தால், முதல் ஈற்றிலேயே குட்டியின் கெழு பூஜ்யம். புதுக் கிடா கொம்புள்ளதாக இருக்கட்டும். அப்போது உங்கள் மொட்டைப் பெட்டைகளுக்கும் இரட்டைப் படிக் குட்டி பிறக்கவே வழியில்லை. சந்தையில் வாங்காதீர்கள், தாயும் தந்தையும் யாரென்று சொல்லக்கூடிய பண்ணைக்குப் போங்கள். இரண்டு விரையும் பைக்குள் இறங்கி, ஒரே அளவில், உறுதியாக இருக்கின்றனவா என்று கையால் பிடித்துப் பாருங்கள். ஒற்றை விரைக் கிடா சேர்ந்து குட்டி தரலாம். ஆனால் அந்தக் குறை மகன்களுக்கும் போகும், வேண்டாம். மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் கிடாவை மாற்றிவிடுங்கள். ஆண் குட்டிகளை மூன்றாம் மாதமே பிரித்துக் கட்டுங்கள். நான்கு மாதத்திலேயே சில தங்கையைச் சினைப்படுத்திவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், கருவை வீசச் செய்யும் புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், குறிப்பாகக் குட்டி வீசிய பெட்டை இருந்தால். அது மனிதருக்கும் தொற்றும். விழுந்த கருவையோ நஞ்சுக்கொடியையோ வெறுங்கையால் தொடாதீர்கள். சந்தேகப்பட்ட அந்த இரண்டையும் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டியில் ஏற்றிச் சென்று காட்டுங்கள். உறுதியானால் இறைச்சிக்கு வளர்க்கலாம், உண்பதில் தீங்கில்லை.

பழைய கிடாவைக் கொன்றுவிட வேண்டியதில்லை. எல்லாப் பெட்டைகளும் கொம்புள்ளவையாக இருக்கும், உறவே இல்லாத ஒரு பட்டிக்குக் கொடுங்கள். அங்கே அதனால் மலட்டுக் குட்டி பிறக்காது. வாங்குபவரிடம் மட்டும், இதன் மொட்டை மகள்களை மொட்டைக் கிடாவோடு சேர்க்கக் கூடாது என்று சொல்லி, எழுதியும் கொடுத்து அனுப்புங்கள்.