கேள்வி பதில்: நாய்ஸ் போயும் எரர் ஏன் போகல?

கேள்வி: சார், எம்.இ. ப்ராஜெக்டுக்கு ஓஎஃப்டிஎம் (டேட்டாவைப் பல சின்ன ஃப்ரீக்வென்சில பிரிச்சு அனுப்புற முறை) சிமுலேஷன் எழுதியிருக்கேன். 64 சப்கேரியர் (அந்தச் சின்ன ஃப்ரீக்வென்சிகள்), எட்டுக்கு ஒரு பைலட் (சேனலை அளக்க அனுப்புற தெரிஞ்ச சிக்னல்), சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ் (சிம்பலோட வால் பகுதியை முன்னாடி ஒட்டுறது) 16 சாம்பிள். பைலட்ல எல்எஸ் (லீஸ்ட் ஸ்கொயர்ஸ்) முறையில சேனலைக் கணிக்கிறேன், நடுவுல லீனியர் இன்டர்பொலேஷன், அதாவது நேர்கோடு. எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம்) 20 டிபி தாண்டினதும் பிட் எரர் ரேட் இறங்கவே மாட்டேங்குது, 40 டிபி குடுத்தாலும் அதே இடத்துலதான் நிக்குது. எம்எம்எஸ்இ (சேனல், நாய்ஸோட புள்ளிவிவரத்தை வச்சு சராசரிப் பிழையைக் குறைக்கிற கணிப்பு) போட்டா சரியாகுமா?

பதில்: அதுக்குள்ள எம்எம்எஸ்இக்குப் போயிடாதீங்க. எல்எஸ்னா வந்த சிக்னலை அனுப்பின பைலட்டால வகுக்கிறோம், அவ்வளவுதான், அதனால நாய்ஸும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும், ஆனா அந்தத் தொந்தரவு எஸ்என்ஆர் கம்மியா இருக்கும்போதுதான். 40 டிபியிலயும் கோடு நகரலன்னா எனக்கு சந்தேகம் ரெண்டு பைலட்டுக்கு நடுவுல இருக்கிற இடத்து மேலதான்.

ஒரு பேப்பர் எடுத்து போட்டுப் பாருங்க. சேனல்ல ஒரே ஒரு பாதை, அது 4 சாம்பிள் லேட்டா வருது. டைம்ல லேட்டானா ஃப்ரீக்வென்சில ஃபேஸ் சுத்தும், ஒரு சப்கேரியருக்கு 360 × 4 / 64, அதாவது 22.5 டிகிரி. எட்டு தாண்டி அடுத்த பைலட்டுக்கு வர்றதுக்குள்ள 180 டிகிரி சுத்திடுது. இந்தப் பைலட்ல 1, அடுத்ததுல -1. நேர்கோடு போட்டா நட்டநடுவுல 0! நிஜத்துல அங்க அளவு 1, ஃபேஸ் மட்டும் 90 டிகிரி திரும்பியிருக்கு. நல்லா இருக்கிற சப்கேரியரை செத்துப்போச்சுன்னு எழுதிட்டு, அந்த சைபராலயே டேட்டாவையும் வகுக்கிறோம். டிலே 2 சாம்பிள்னா நடுவுல 0.707, 1 சாம்பிள்னா 0.92, அதுலயே கோளாறு ஆரம்பிச்சிடுது பாருங்க.

எஃப்எஃப்டி (டைம் சிக்னலை ஃப்ரீக்வென்சியா மாத்துற கணக்கு) விண்டோ எங்க ஆரம்பிக்குதுன்னும் பாத்துடுங்க. ப்ரிஃபிக்ஸுக்குள்ள நாலு சாம்பிள் முன்னாடி ஆரம்பிச்சா சிம்பல் ஒண்ணும் கெடாது, ஆனா இதே அளவு சுத்தல் சேனல்ல வந்து சேந்துக்கும். நிறைய பேர் நாள்கணக்கா தேடுறது இதைத்தான்.

இதுக்கு வழி: பைலட்ல கிடைச்ச எட்டு சேனல் மதிப்பையும் 8 பாயிண்ட் ஐஎஃப்எஃப்டி (எஃப்எஃப்டிக்குத் தலைகீழ்) போடுங்க, 8 டாப் (ஒவ்வொரு சாம்பிள் டிலேக்கும் சேனலோட மதிப்பு) வரும், பின்னாடி 56 சைபர் சேத்து 64 பாயிண்ட் எஃப்எஃப்டி. சேனல் 8 டாப்புக்குள்ள அடங்கினா 64 இடத்துலயும் கச்சிதமா உக்காரும். ப்ரிஃபிக்ஸ் முழுக்க, அதாவது 16 டாப் வரைக்கும் நீளும்னா நாலுக்கு ஒரு பைலட் வேணும், வேற வழியில்ல. 4ஜி எல்டிஇல ஒரு ஆன்டெனா போர்ட்டுக்கு ஆறு சப்கேரியருக்கு ஒரு பைலட், 15 கிலோஹெர்ட்ஸ் வீதம் 90 கிலோஹெர்ட்ஸ், சுமார் 11 மைக்ரோசெகண்ட் டிலே வரைக்கும் தாங்கும், அங்க ப்ரிஃபிக்ஸே 4.7தான். அந்தத் தாராளம் உங்க டிசைன்ல இல்ல.

எம்எம்எஸ்இ போட்டா பைலட்லேருந்து நேரா 64 சப்கேரியருக்கும் கோரிலேஷன் (ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற கணக்கு) வச்சுப் போடுங்க. பைலட்ல மட்டும் போட்டுட்டு திரும்ப நேர்கோடு இழுத்தா அதே கதைதான்.

கேள்வி: வைஃபைல 52 சப்கேரியருக்கு 4 பைலட்தானே, அது எப்படிப் போதுது?

பதில்: 802.11ஏ (ஒரு வைஃபை தரம்) பாக்கெட்ல டேட்டாவுக்கு முன்னாடி 52லயும் தெரிஞ்ச சிக்னலை ரெண்டு தடவை அனுப்பிடுவாங்க, சேனல் அங்கயே கிடைச்சிடும். அந்த 4 பைலட், மிச்சம் இருக்கிற ஃபேஸ் நகர்வைப் பிடிக்கத்தான். பாக்கெட் சின்னது, ஆளும் பெருசா நகர மாட்டார். 2 கிகாஹெர்ட்ஸ்ல 120 கிமீ வேகத்துல போறவருக்கு டாப்ளர் (நகர்றதால வர்ற ஃப்ரீக்வென்சி மாற்றம்) 222 ஹெர்ட்ஸ், ரெண்டு மில்லிசெகண்ட்ல சேனலே வேற ஆளாயிடும், அதனாலதான் மொபைல்ல நேரவாக்கிலயும் பைலட் தூவுறாங்க.