வேர்ச்சொல் எங்கே உதவும், எங்கே கைவிடும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். வேலைக்காக வெளிநாடு வந்து சில மாதங்கள் ஆகின்றன. படித்தது ஆங்கில வழியில். வேலை சம்பந்தமான எதையும் தடையில்லாமல் படிக்கிறீர்கள். ஆனால் இடைவேளையில் நாலு பேர் சேர்ந்து பேசினால் பாதி பிடிபடுவதில்லை. வீட்டுக்கு வரும் அலுவலகக் கடிதங்களும் முழுதாகப் புரிவதில்லை. தேர்வு எழுதுகிறவர்கள் வாங்கும் வார்த்தைப் பட்டியல் புத்தகம் ஒன்றை வாங்கி அகர வரிசையில் மனப்பாடம் செய்கிறீர்கள், ஒட்டமாட்டேன் என்கிறது. வேர்ச்சொல்லும் முன்னொட்டும் படித்தால் ஆயிரக்கணக்கான வார்த்தைகள் தானாக வந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், உண்மையா என்று கேட்கிறீர்கள்.

பாதி உண்மை. கடிதத்துக்கு நன்றாக உதவும். இடைவேளைப் பேச்சுக்கு அநேகமாக உதவாது.

இதற்குக் காரணம் ரொம்பப் பழையது. 1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நெடுங்காலம் அரசவை, நீதிமன்றம், வரி, நிலம் எல்லாம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன. சாதாரண சனங்கள் வீட்டில் பேசியது ஆங்கிலம். அந்தப் பிளவு இன்னும் அழியவில்லை. ஈட், ஸ்லீப், கம், கோ, ஹவுஸ், மதர் எல்லாம் பழைய வீட்டு மொழி. ரென்ட், டெனன்ட், டாக்ஸ், ஃபைன், ஜட்ஜ் எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்தவை. பேச்சில் ‘ஆஸ்க்’ என்பது கடிதத்தில் ‘என்கொயர்’ ஆகிவிடும். ‘பை’ அங்கே ‘பர்ச்சேஸ்’, ‘எண்ட்’ அங்கே ‘டெர்மினேட்’. உயிலில் ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே போட்டுவிடுவார்கள்: முன்னது உள்ளூர்ச் சொல், பின்னது லத்தீன். வேர்ச்சொல் பாடம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் லத்தீன், கிரேக்கத் துண்டுகளின் பாடம். அதனால்தான் அது கடிதப் பக்கம் மட்டும் வேலை செய்கிறது.

அந்தப் பக்கத்தில் அது எவ்வளவு தூரம் வரும் என்று பார்ப்போம். நியாயம் தெரிந்தவருக்கு அநியாயம் தெரியும், சுத்தம் தெரிந்தவருக்கு அசுத்தம் தெரியும். ஆகவே முன்னொட்டு என்ற சங்கதி நமக்குப் புதிதில்லை. ‘ரீ’ என்றால் திரும்ப. ‘வோக்’ என்றால் அழைத்தல். ஆக, உங்கள் அனுமதி ‘ரிவோக்’ செய்யப்பட்டது என்று கடிதம் வந்தால், கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று பொருள். ‘ரீஇம்பர்ஸ்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே நம் பர்ஸின் மூலச்சொல்லே உட்கார்ந்திருக்கிறது: செலவழித்த பணத்தைத் திரும்பப் பர்ஸுக்குள் போடுவது. ‘ரெட்ரோ’ என்றால் பின்னோக்கி. ‘ரெட்ரோஆக்டிவ்’ என்றால் முன்தேதியிட்டு அமலாவது. கடிதங்களில் இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் பணக் கணக்கே மாறிப்போகும்.

பின்னொட்டுகளை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கென்னவோ படிவம் நிரப்ப அவைதான் அதிகம் உதவுகின்றன. ‘எம்ப்ளாயர்’ வேலை கொடுப்பவர், ‘எம்ப்ளாயீ’ வேலையில் வைக்கப்படுபவர். ‘அர்’ செய்பவர், ‘ஈ’ செய்யப்படுபவர். இதே கணக்கில் ‘பேயீ’ என்றால் பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர், ‘லெஸ்ஸீ’ என்றால் குத்தகைக்கு எடுத்தவர். பணம் கட்டப்போகிறவர் ‘பேயீ’ என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘அப்சென்டீ’ மாதிரி ஒன்றிரண்டு இந்தக் கணக்குக்குள் அடங்காது, விட்டுவிடுங்கள்.

மருத்துவமனைக்குப் போனால் கிரேக்கம் கைகொடுக்கும். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி: ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், ஹெப்படைட்டிஸ் கல்லீரலில், ஜிஞ்சிவைட்டிஸ் ஈறில். ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. ஒரே உறுப்புக்கு மூன்று பெயர் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: டாக்டர் பேச்சில் ‘கிட்னி’ என்பார், பரிசோதனை அறிக்கையில் ‘ரீனல்’ என்று லத்தீனில் இருக்கும், பார்க்க வேண்டிய பிரிவின் பலகையில் ‘நெஃப்ராலஜி’ என்று கிரேக்கத்தில் இருக்கும். மூன்றும் சிறுநீரகம்தான். இன்னொன்று, ‘ஹைப்பர்’ என்றால் அதிகம், ‘ஹைப்போ’ என்றால் குறைவு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பொருளோ நேர் எதிர். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ பேசும்போது சந்தேகம் வந்தால், “ஹையா, லோவா?” என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

சரி, இது எங்கே காலை வாரும்? ‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று படித்திருப்பீர்கள், ‘இன்விசிபிள்’ மாதிரி. ஆனால் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் எளிதில் தீப்பிடிப்பது! அங்கே ‘இன்’ என்பது ‘உள்ளே’ என்ற வேறொரு முன்னொட்டு. ஆங்கிலேயர்களே குழம்பியதால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதும் வழக்கம் வந்தது. ‘பெடஸ்ட்ரியன்’ பாதசாரி என்பதை வைத்து ‘பீடியாட்ரிக்ஸ்’ பாத வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னது லத்தீன் பாதம், பின்னது கிரேக்கக் குழந்தை. வேர்ச்சொல் ஒரு யூகத்தைத்தான் கொடுக்கும், அதை அந்த வாக்கியத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கையெழுத்துப் போடப்போகிற தாள் என்றால் அகராதியிலும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வேர்ச்சொல் அறிவை வைத்துப் புதுச் சொல் தயாரிக்காதீர்கள். ‘போஸ்ட்போன்’ என்றால் தள்ளிவைப்பது. அப்படியானால் முன்னால் கொண்டுவருவது ‘ப்ரீபோன்’. தர்க்கம் கச்சிதம். இந்திய அலுவலகங்களில் எல்லோருக்கும் புரியும். ஆனால் இந்தியாவுக்கு வெளியே பலர் அதைக் கேட்டதே இல்லை. ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ அல்லது ‘மூவ் அப்’ என்றுதான் அவர்கள் சொல்வார்கள்.

இடைவேளைப் பேச்சில் உங்களைத் திணறடிப்பது இந்த மாதிரிச் சின்னச் சின்னச் சொற்கள்தான். தெரிந்த வினை ஒன்று, அதன் வாலில் ஆஃப், அப், அவுட், டவுன் என்று ஒரு துண்டு. கூட்டத்தை ‘புட் ஆஃப்’ செய்தால் வேறொரு நாளில் நடக்கும், ‘கால் ஆஃப்’ செய்தால் நடக்கவே நடக்காது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ‘லுக் இன்டு’ என்றால் விசாரிப்பது, ‘லுக் டவுன் ஆன்’ என்றால் இளக்காரமாகப் பார்ப்பது. ‘டர்ன் அப்’ வந்து சேர்வது. ‘டர்ன் டவுன்’ வேண்டாம் என்று மறுப்பது, சில சமயம் வெறுமனே சத்தத்தைக் குறைப்பது. ‘பாஸ் அவுட்’ என்பதை மட்டும் உடனே திருத்திக்கொள்ளுங்கள். இன்ன வருடம் பாஸ் அவுட் ஆனேன் என்று நீங்கள் நேர்முகத் தேர்வில் சொன்னால், பெரும்பாலான இடங்களில் மயக்கம் போட்டு விழுந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

இதைப் பார்த்து ஆங்கிலத்தைத் திட்டாதீர்கள். நம்மிடமும் இது உண்டு. ‘போடு’ தெரியும், ‘கொடு’ தெரியும் என்று வைத்துக்கொண்டு, “என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டான்” என்பதற்கு ஒரு வெளிநாட்டவர் எப்படிப் பொருள் கண்டுபிடிப்பார்? விட்டுக்கொடுப்பதும் பார்த்துக்கொள்வதும் அவருக்கு அதே பாடுதான். பிரித்துப் பார்த்தால் வராது, முழுதாக, ஆள் பேசும் சூழ்நிலையோடு சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். பக்கத்தில் வேலை செய்பவர் ஒரு நாளில் பலமுறை சொல்கிற தொடர் எது என்று கவனியுங்கள். அதை அப்படியே ஒரு முழு வாக்கியமாகக் குறித்துக்கொண்டு, அடுத்த நாளே நீங்களும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

பிடிபடாததற்கு வார்த்தைப் பஞ்சம் மட்டும் காரணம் இல்லை, காதும் காரணம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபட்டாக்ரஃபி’ என்று போகும்போது இரண்டாவதுக்கு நகர்கிறது, ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதுக்கு. தமிழில் இப்படி அழுத்தம் இடம் மாறிப் பழக்கமில்லாததால், ஒரே குடும்பத்துச் சொற்கள் நம் காதுக்கு அந்நியர்களாகத் தெரிகின்றன. ‘கம்ஃபர்டபிள்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கு, அவர்கள் வாயில் வரும் ‘கம்ஃப்டபிள்’ வேறு சொல்லாகவே கேட்கும். ஆகவே எந்தச் சொல்லைக் கற்றாலும் அகராதியில் உள்ள ஒலிக்குறியைத் தட்டி ஒருமுறை காதால் கேளுங்கள்.

எத்தனை சொல் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். சொல் கற்றல் பற்றி ஆராய்ந்த பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்கு இது: பேச்சில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள், நாவல், செய்தித்தாள் படிக்க 8,000 முதல் 9,000. பயந்துவிடாதீர்கள். ஹெல்ப், ஹெல்ப்ஃபுல், ஹெல்ப்லெஸ், அன்ஹெல்ப்ஃபுல் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். ஆங்கில வழியில் படித்த உங்களிடம் அதில் கணிசமானது ஏற்கெனவே இருக்கும். விடுபட்டவை எவை என்று அந்தத் தடித்த புத்தகத்துக்குத் தெரியாது, உங்கள் தபால் பெட்டிக்குத்தான் தெரியும். வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தெரியாத சொற்களை அடிக்கோடிடுங்கள். ஒரு தாளில் வந்த சொல் இன்னொன்றிலும் வந்தால் அதை முதலில் படியுங்கள். பிரிக்க முடிந்ததைப் பிரித்துப் பாருங்கள், முடியாததை வாக்கியத்தோடு மனதில் வையுங்கள்.

கடைசியாக அகராதி. ஆங்கிலம்-தமிழ் அகராதி கடிதச் சொற்களுக்குப் போதும், பல நேரங்களில் அதுதான் வேகம். சின்னச் சொற்களுக்கு மட்டும், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த ஆங்கில அகராதியை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் விளக்கங்களை இரண்டாயிரம், மூவாயிரம் எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள், எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். அவற்றில் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.